இரண்டாம் அடிக்குறிப்பு

லாசர் தோனெவ் இறந்து நாற்பது வருஷமாகிறது. ஆனாலும் எங்கள் ஊரில் அவன் முகத்தைப் பார்க்காமல் யாரும் பேருந்து ஏற முடியாது. அவன் மனைவி வெலிக்கா ஒவ்வோர் அக்டோபரிலும் அஞ்சலித்தாள் அச்சடித்து, பேருந்து நிறுத்தத்திலும் ரொட்டிக்கடைச் சுவரிலும் தன் வீட்டு வாசற்கதவிலும் ஒட்டிவிடுவாள். தாள் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருஷம், பத்து வருஷம் என்று ஒட்டுவார்கள். அப்புறம் பெற்ற பிள்ளைக்கே அலுத்துவிடும். வெலிக்காவுக்கு அலுக்கவில்லை. அதே புகைப்படம்தான்: முப்பத்தாறு வயது, அடர்ந்த மீசை, கொஞ்சம் சாய்ந்த சுரங்கத் தொப்பி. அவளுக்கு எழுபது ஆகிவிட்டது, அவனுக்கு இன்னும் முப்பத்தாறுதான்.

"ஏண்டி வெலிக்கா, போற போக்குல இவன் உன் பேரன் மாதிரி ஆயிடுவான்டி" என்று பக்கத்து வீட்டு பென்கா சீண்டுவாள்.

"ஆகட்டுமே. ஒரு பேரனாவது ஊர்ல இருக்கட்டும்" என்பாள் வெலிக்கா. அவளுடைய ஒரே மகளும் பேரப்பிள்ளைகளும் ஸ்பெயினில். பேரப்பிள்ளைகளுக்கு நம் மொழியில் 'நன்றி பாட்டி'க்கு மேல் வராது.

லாசர் கருங்கல் சுரங்கத்தில் மேஸ்திரி. கருங்கல் என்பது பெயர்தான், அது ஈயச் சுரங்கம். வெலிக்கா அதே சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தாள். உள்ளே இறங்குகிறவனுக்கு எண் பார்த்து விளக்கைக் கொடுப்பதும் வெளியே வந்தவனிடம் திருப்பி வாங்குவதும் அவள் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபர் பதினேழு காலையில் நூற்றுப் பன்னிரண்டாம் விளக்கை லாசரிடம் கொடுத்தாள். திரும்ப வாங்கவில்லை. ஏழாம் பாதையின் கூரை இறங்கி, அவனும் இன்னும் மூன்று பேரும் உள்ளேயே செத்துப்போனார்கள்.

முந்தின நாள்தான் லாசர் சுரங்க இயக்குநரின் அறையில் சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தான். கூரையைத் தாங்கும் முட்டு மரங்கள் உளுத்துப் போயிருக்கின்றன, மாற்றாமல் ஆட்களை இறக்க மாட்டேன் என்றான். மாத இலக்கு முடிய வேண்டும், நீ இறக்காவிட்டால் வேறொருவன் இறக்குவான் என்றார் இயக்குநர். வேறொருவனுக்கு எந்த மரம் உளுத்தது என்று தெரியாதே! அதனால் லாசரே கூட இறங்கினான். இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆளும் கட்சியின் மாவட்டப் பத்திரிகை மூன்றாம் நாள் என்னவோ நாலு வரி போட்டதாம். அந்தக் காலத்தில் அதை யார் படித்தார்கள்? சூரியகாந்தி விதை மடிக்கத்தான் அது உதவும். வெலிக்கா அப்போது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு வரியைப் பற்றிக் கேள்விப்படக்கூட இல்லை.

அப்புறம் சுரங்கம் மூடியது. அலுவலகக் காகிதங்களை ஒரு குளிர்காலத்தில் காவலாளியே அடுப்பில் போட்டு எரித்துவிட்டான். லாசரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேரை நுரையீரல் கொண்டுபோனது, மீதிப் பேரை ஜெர்மனி கொண்டுபோனது. ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் குறையக் குறைய வெலிக்காவுக்கு ஒரே கவலைதான். நான் போன பிறகு தாள் யார் ஒட்டுவார்கள்? லாசர் என்ன மாதிரி மனிதன் என்று யார் சொல்வார்கள்?

அந்தக் கவலையோடுதான் அவள் போன பிப்ரவரியில் வாசகசாலைக்குப் போனாள். நூலகர் ஸ்வெத்லா கதவில் எழுதி ஒட்டியிருந்தாள்: எல்லோரும் எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் நீங்களும் எழுதலாம், செவ்வாய்தோறும் இலவசப் பயிற்சி. ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் அங்கிருந்த அடுப்பின் சூட்டுக்காக வந்தவர்கள்.

"ஸ்வெத்லா, இதுல எழுதினா எவ்வளவு நாள் இருக்கும்?" என்று கேட்டாள் வெலிக்கா.

"எப்பவும் இருக்கும் அக்கா. உலகத்துல எந்த மூலையில இருந்தும் பாக்கலாம்."

"ஸ்பெயின்ல?"

"ஸ்பெயின்ல என்ன, சந்திரன்ல இருந்துகூட!"

அன்றைக்கே வெலிக்கா தோனெவா என்று சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டாள். இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினாள். மணல்தொட்டி என்று ஒரு பக்கம் உண்டு. புதியவர்கள் தப்பும் தவறுமாக எழுதிப் பழகுவதற்கு. அதில் அவள் கத்தரிக்காய் ஊறுகாய் போடும் முறையை மூன்று வாரம் எழுதி எழுதி அழித்தாள். நான்காம் வாரம், எங்கள் ஊர்த் தேவாலயத்தின் மணி எந்த வருஷம் வார்த்தது என்று தப்பாக இருந்ததைத் திருத்தினாள். மணியிலேயே வருஷம் பொறித்திருக்கிறது, படமும் எடுத்துப் போட்டாள். மறுநாள் திரையில் ஒரு சின்ன அறிவிப்பு: 'பழைய ஆந்தை' என்ற பயனர் உங்களுக்கு நன்றி சொல்கிறார். வெலிக்கா தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

"யாருடி அந்த ஆந்தை?" என்றாள் பென்கா.

"தலைநகர்ல இருக்கிறவராம். பெரிய ஆளு. இருபதாயிரம் கட்டுரை பாத்துக்கறாராம்."

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. பாவம்."

மே மாதத்தில் வெலிக்கா தன் கட்டுரையை எழுதினாள். 'கருங்கல் சுரங்க விபத்து' என்று தலைப்பு. ஏழாம் பாதை, முட்டு மரம், இயக்குநரின் அறை, நூற்றுப் பன்னிரண்டாம் விளக்கு எல்லாம் எழுதினாள். லாசர் நல்லவன், வெங்காயமில்லாமல் சாப்பிட மாட்டான், ஒருத்தரையும் கைநீட்டி அடித்ததில்லை என்றும் எழுதினாள். கடைசியில் கடிதத்துக்குப் போடுவதுபோல 'இப்படிக்கு, வெலிக்கா' என்று கையெழுத்தும் போட்டாள். ஸ்வெத்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்தை மட்டும் எடுத்துவிட்டாள்.

மறுநாள் பாதிக் கட்டுரையைக் காணோம். மீதியில் வரிக்கு வரி 'சான்று தேவை' என்று சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தது. கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் பழைய ஆந்தை மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: மதிப்பிற்குரிய பயனரே, லாசர் தோனெவ் நல்லவர் என்று யார் சொல்கிறார்கள்?

"யார் சொல்றாங்களா? நான் சொல்றேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள் வெலிக்கா.

"அக்கா, நீங்க சொன்னா செல்லாது. வெளியில எங்கேயாவது அச்சுல வந்திருக்கணும்" என்றாள் ஸ்வெத்லா.

அச்சில்தானே? வெலிக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்த் தன் அஞ்சலித்தாளைப் படம் எடுத்தாள். 'தோழர்களைத் தனியே விடாமல் உடன் இறங்கியவன்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறதே! பொது இடத்தில் நாற்பது வருஷமாக ஊரே படிக்கிறதே! அதைக் கொண்டுபோய்ச் சான்று என்று போட்டாள். எங்கள் ஊர் ஆளுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். ஆந்தை பதில் எழுதினார்: இது குடும்பத்தார் தாங்களே அச்சிடுவது, ஏற்க இயலாது. அதோடு கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை ஒன்றும் வந்து உட்கார்ந்தது. ஏழு நாளுக்குள் ஏற்கத்தக்க சான்று கிடைக்காவிட்டால் இக்கட்டுரை நீக்கப்படும்.

வெலிக்கா அன்று சாப்பிடவில்லை. "ஒரு தடவை மண்ணைப் போட்டு மூடினாங்க. இப்ப மறுபடியும் மூடப் போறாங்கடி" என்று பென்காவிடம் அழுதாள்.

ஐந்தாம் நாள் அவளும் ஸ்வெத்லாவும் மாவட்டத் தலைநகர் நூலகத்துக்குப் போனார்கள். கட்சிப் பத்திரிகையின் கட்டுகள் அடித்தளத்தில் கிடந்தன. மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. அக்டோபர் இருபது, நான்காம் பக்கம், கால்பந்துச் செய்திக்குக் கீழே நாலு வரி. வெலிக்கா விரலை வைத்துப் படித்தாள். நான்கு பேர் பெயரும் இருந்தது. லாசர் தோனெவ், மேஸ்திரி. அவன் பெயரை அச்சில் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. அப்புறம்தான் கடைசி வரியைப் படித்தாள். முட்டுகளைச் சோதிக்காமல் மேஸ்திரி ஆட்களை இறக்கியதே விபத்துக்குக் காரணம்.

"அடப் பாவிகளா" என்றாள் வெலிக்கா.

"அக்கா, கடைசி வரியை விட்டுருங்க. பேரையும் தேதியையும் மட்டும் போட்டாப் போதும்" என்றாள் ஸ்வெத்லா.

வெலிக்கா திரும்புகிற பேருந்து முழுக்க யோசித்தாள். பாதியை மறைத்தால், ஒளித்தாள் என்றுதானே ஆகும்? விளக்கறையில் இருபது வருஷம் ஒரு விளக்குக்கூடக் கணக்குத் தப்பாமல் கொடுத்து வாங்கியவள் அவள். பத்திரிகை இப்படிச் சொன்னது என்று அப்படியே எழுதுவோம், அடுத்த வரியில் அது பொய், நடந்தது இது என்று எழுதுவோம், படிக்கிறவர்களுக்கு யார் யோக்கியன் என்று தெரியாதா என்று தீர்மானித்தாள். ஸ்வெத்லா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வெலிக்கா தன் இரண்டு விரலால் அந்த வரியைத் தானே குத்தி, அடிக்குறிப்பும் தானே சேர்த்தாள். அதற்குக் கீழே உண்மையை எழுதினாள்.

மறுநாள் சிவப்புப் பட்டை போய்விட்டது. கட்டுரை பிழைத்தது. ஆந்தை பாராட்டியிருந்தார்: அருமையான தேடல், இதுதான் நல்ல பயனருக்கு அழகு. வெலிக்கா கட்டுரையைத் திறந்தாள். பத்திரிகை சொன்ன வரி அடிக்குறிப்போடு கம்பீரமாக நின்றது. அடியில் அவள் எழுதிய உண்மை முழுவதும் போயிருந்தது. சான்றில்லை.

அவள் அந்த வரியை அழித்தாள். ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்தது: சான்றுள்ள தகவல் நீக்கப்பட்டிருந்தது, மீட்கப்பட்டது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. நான்காம் தடவை அழித்தபோது, தொடர்ந்து அழித்ததற்காக அவள் கணக்கை ஒரு நாள் முடக்கினார்கள். அந்த ஒரு நாளும் அவள் வாசகசாலையிலேயே, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கணக்கு திரும்பியதும் கட்டுரையையே நீக்கச் சொல்லி மனுப் போட்டாள். அதற்கும் வாக்கெடுப்பு உண்டு. ஏழு பேர் வந்தார்கள். நல்ல சான்றுள்ள கட்டுரை, இருக்கட்டும் என்றார்கள் ஏழு பேரும்.

"நான் எழுதினதை நான் அழிக்கக் கூடாதா? இது என்னடி நியாயம்?"

"எழுதிச் சேமிச்சதும் அது எல்லாருக்கும் சொந்தம் அக்கா. முதல் நாளே சொன்னேனே" என்றாள் ஸ்வெத்லா. சொல்லிவிட்டு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது லாசர் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த வரிதான். நாற்பது வருஷமாக எவன் ஞாபகத்திலும் இல்லாத, விதை மடித்து வீசிய வரி. அதைத் தோண்டி எடுத்து உலகத்துக்கு முன்னால் வைத்தவள் இவள்.

ஆனாலும் வெலிக்கா ஓயவில்லை. ஏழாம் பாதையில் அன்று இறங்கியவர்களில் உயிரோடு இருந்தவன் கோச்சோ ஒருவன்தான். எழுபத்தெட்டு வயது. மூக்கில் குழாயோடு மருத்துவமனையில் கிடந்தான். ஸ்வெத்லா கைபேசியில் பதிவு செய்ய, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்.

"கேளு தங்கச்சி. லாசர் அன்னைக்கு ஒவ்வொரு முட்டாத் தட்டிப் பாத்தான். மூணாவது முட்டுல நின்னுட்டான். 'கோச்சோ, மேல ஓடு, நீளமா நாலு மரம் கொண்டா'ன்னான். நான் மரம் எடுக்கப் போனதால இன்னைக்கு இருக்கேன். சோதிக்காதவனா மரம் கேப்பான்? எவன்டா எழுதினான் அப்படி? அவனை இங்க கூட்டிட்டு வா."

வெலிக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பதிவு முழுவதையும் எழுத்தில் இறக்கி உரையாடல் பக்கத்தில் வைத்தாள். ஆந்தை இந்தத் தடவை நீளமாகவே பதில் எழுதினார். மனிதர் கெட்டவர் இல்லை. 'அம்மா, நான் உங்களை நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கைக்கு இங்கே மதிப்பில்லை. இதை வெளியில் ஏதாவது ஒரு செய்தித்தளம் வெளியிட்டால், அன்றைக்கே நானே சேர்க்கிறேன். இது என் வாக்கு.'

"பாத்தியாடி, வாக்குக் கொடுத்துட்டாரு!" என்று வெலிக்கா பென்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்தாள்.

மாவட்டச் செய்தித்தளம் ஒன்றுக்கு ஸ்வெத்லா எழுதிப் போட்டாள். அக்டோபர் பத்தாம் தேதி காலின் என்று ஒரு நிருபன் வந்தான். முப்பது வயது இருக்கும், பவ்யமான ஆள். வெலிக்கா சீஸ் வைத்துச் சுட்ட பணியாரத்தட்டை வைத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டான். இரண்டு மணி நேரம் கேட்டான். லாசரின் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நிற்கச் சொல்லி அவளைப் படமெடுத்தான். கோச்சோவின் குரலை ஒரு நிமிஷம் காதில் வைத்துவிட்டு, "தெளிவா இருக்கு பாட்டி, மீதியை அனுப்பிடுங்க" என்றான்.

பதினேழாம் தேதி காலையில், நாற்பதாம் வருஷத் தாளை ஒட்டிவிட்டு வெலிக்கா வாசகசாலைக்குப் போனாள். ஸ்வெத்லா ஏற்கெனவே படித்துவிட்டிருந்தாள். அவள் முகமே சரியில்லை.

'நாற்பது ஆண்டுக் கண்ணீர்' என்று தலைப்பு. வெலிக்காவின் படம் பெரிதாக இருந்தது. பணியாரத்தைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. நடுவில் இப்படி இருந்தது: 'முட்டுகளைச் சோதிக்காமல் மேஸ்திரி தோனெவ் ஆட்களை இறக்கியதால் நிகழ்ந்த அந்த விபத்தை ஊர் மறந்துவிட்டது. மனைவியால் மட்டும் அதை இன்றும் ஏற்க முடியவில்லை.' கோச்சோவின் பேச்சு ஒரு வார்த்தைகூட இல்லை.

வெலிக்கா அங்கிருந்தே அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, மேஸ்திரி சோதிக்கலைன்னு எழுதியிருக்கியே, உனக்கு யாருப்பா சொன்னா?"

"கலைக்களஞ்சியத்துல இருக்கே பாட்டி. நான் சரிபாக்காம எதையும் எழுத மாட்டேன்."

"அதை அங்க எழுதினதே நான்தாண்டா!"

அவன் நிதானமாகக் கேட்டான். "அப்போ நீங்களே ஒத்துக்கிட்டதுதானே பாட்டி?"

வெலிக்கா கைபேசியை மேசையில் வைத்துவிட்டாள். அது தானாக 'பாட்டி, பாட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஸ்வெத்லாதான் அணைத்தாள். திருத்தம் கேட்டு இருவரும் இரண்டு கடிதம் எழுதினார்கள், பதில் வரவில்லை. கோச்சோவை நேரில் போய்ப் பார் என்று அந்த நிருபனிடம் சொல்லலாம் என்றால், பத்தொன்பதாம் தேதி விடிகாலையில் கோச்சோ போய்ச் சேர்ந்துவிட்டான்.

பழைய ஆந்தை மட்டும் வாக்குத் தவறவில்லை. செய்தி வெளியான அன்றைக்கே அதைச் சான்றாகச் சேர்த்துவிட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒன்று என்றிருந்த இடத்தில் இப்போது ஒன்று, இரண்டு என்று இரண்டு அடிக்குறிப்புகள். யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரியை முதலில் சேர்த்தவர் பெயரும் தெரியும்: வெலிக்கா தோனெவா, மே மாதம் இருபத்து மூன்று, காலை பத்து மணி நாற்பது நிமிஷம்.

கோச்சோவின் ஒன்பதாம் நாளுக்கு வெலிக்கா கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் தூவி, காகிதக் கோப்பைகளில் எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். செத்தவன் பேரில் வழிப்போக்கர்களுக்குக் கொடுப்பது வழக்கம். மலையேற வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் முதுகுப் பையோடு நின்றிருந்தார்கள். வாங்கிக்கொண்டு, "ஆத்மா சாந்தியடையட்டும் அம்மா" என்றார்கள் முறையாக. நிறுத்தத்தின் கண்ணாடியில் கோச்சோவின் புதுத் தாளும் லாசரின் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பேருந்து வர நேரமாயிற்று. அந்த ஆள் சும்மா பொழுதுபோகக் கைபேசியில் பெயரைத் தட்டினான்.

"ஏய், இங்க பாரேன். இந்த மீசைக்காரன் இருக்கானே, இவனாலதான் அந்தச் சுரங்கத்துல மூணு பேரு செத்தாங்களாம். இவனுக்கு வருஷா வருஷம் தாள் வேற!"

"மெதுவாப் பேசுங்க. ஏதோ குடும்பத்துக்காரங்க ஒட்டியிருப்பாங்க" என்றாள் அவள்.

"அதுக்காக? செத்துப்போன மத்த மூணு பேரோட பெண்டாட்டிங்க இந்த வழியாத்தானே போவாங்க?" என்று சொல்லிவிட்டு, பாதி தின்ற கோதுமையைப் பெஞ்சில் வைத்தான். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

வெலிக்கா கோப்பைகளைக் கீழே வைத்தாள். போய் லாசரின் தாளின் மேல்முனையில் நகத்தைக் கொடுத்தாள். அவளே மாவுப்பசை காய்ச்சி ஒட்டியது, லேசில் வரவில்லை. கீற்றுக் கீற்றாகத்தான் உரிந்தது. ரொட்டிக்கடையிலிருந்து வந்த பென்கா ஓடி வந்தாள்.

"ஐயையோ, யாருடைய தாளைடி கிழிக்கிறே? பாவம்டி!"

"லாசரோடது."

"உனக்கு என்னடி பைத்தியமா? நாப்பது வருஷமா நீ ஒட்டினதுடி!"

"ஒட்டினேன். எல்லாரும் அவனைப் பாக்கணும்னு ஒட்டினேன். இப்பப் பாத்தா தேடுறாங்கடி. தேடினா நான் எழுதினதுதான் வருது" என்றாள் வெலிக்கா. "இனிமே ஒருத்தரும் அவன் பேரைப் படிக்க வேண்டாம். மறந்து தொலையட்டும். என்னால அவனுக்குச் செய்ய முடிஞ்சது இனி இவ்வளவுதான்."

பென்கா ரொட்டிப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, எதிர்க்கடையிலிருந்து ஒரு வாளி வெந்நீரும் ஒரு கத்தியும் வாங்கி வந்தாள். இருவரும் நனைத்து நனைத்துச் சுரண்டினார்கள். மீசை இருந்த இடம்தான் கடைசி வரை வரவில்லை. அதை வெலிக்கா கத்தியால் சுரண்டி எடுத்தாள். பிறகு ரொட்டிக்கடைச் சுவருக்குப் போனார்கள்.